கடைக்காரர் மெக்கன்சியின் நகரத்தில்

வியாழன், குயின்ஸ்டன்

நயாகரா ஆறு, அருவியாக விழுந்த பிறகு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம் ஆழமான பாறைப் பள்ளத்துக்குள் முட்டி மோதி ஓடி, பின்பு சமவெளியில் இறங்கி அகன்று அமைதி கொள்ளும் இடத்தில் குயின்ஸ்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அருவியைப் பார்க்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இவ்வூரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டொராண்டோ மாநகரின் முதல் மேயரான வில்லியம் லயன் மெக்கன்சி கடைத் தொழிலை விட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு மாறிய ஊர் இது. ஆகையால் அவருடைய சுவடுகளைப் பார்க்கும் இந்தப் பயணத்தை டொராண்டோவிலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றியது. பிக்கரிங்கில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், விடுப்பு எடுத்துக்கொண்டு தம் காரிலேயே என்னை அழைத்து வந்தார்.

கனடா வரலாற்றில் மெக்கன்சியின் பெயர், அரசுக்கு எதிராக அவர் நடத்திய 1837ஆம் ஆண்டு ஆயுதக் கலகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாடப் புத்தகங்களிலும் நினைவுப் பலகைகளிலும் அவர் கலகக்காரராகவே நிற்கிறார். நான் படித்தவரையில், அவருடைய வாழ்க்கையைத் திறக்கும் சாவி கலகத்தில் இல்லை, கடையில் இருக்கிறது. கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நடுவில் காணாமல் போனது எவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தை அவர் கல்லாவில் உட்கார்ந்து கற்றார். அந்தக் கேள்வியை அரசாங்கத்திடம் கேட்டதுதான் அவருடைய அரசியல் முழுவதும். அதன் பலத்தையும் பலவீனத்தையும் அந்தந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

அவர் 1795 மார்ச் 12 அன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் பிறந்தார். நெசவாளரான தந்தை டேனியல், குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இறந்துவிட, தாய் எலிசபெத் வறுமைக்கும் வேத வாசிப்புக்கும் நடுவில் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தார். சிறு வயதிலேயே கடைகளில் வேலைக்கு நின்ற அந்தப் பையன், ஒரு வணிக அலுவலகத்தில் கணக்கு எழுதவும் பழகினான். பதினொரு வயது முதல் தான் படித்த புத்தகங்களையெல்லாம் பட்டியலிட்டு வைத்திருந்தான். இருபத்தைந்து வயதுக்குள் அந்தப் பட்டியல் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது. சரக்குப் பட்டியல் எழுதிய கையே புத்தகப் பட்டியலையும் எழுதியது என்பதில் எனக்கு வியப்பில்லை.

1814இல், லெஸ்லி என்ற வணிகக் குடும்பத்தாரின் பண உதவியோடு, பெர்த்ஷயர் பகுதியின் ஆலித் என்ற ஊரில் தாயும் மகனுமாகப் பலசரக்குக் கடை ஒன்றைத் திறந்தார்கள். கடையோடு வாடகை நூலகமும் இருந்தது. நெப்போலியன் போர் முடிந்த பிறகு வந்த மந்தத்தில் கடை நொடித்துப்போனது. 1820இல் அவர் கப்பலேறிக் கனடா வந்து, லாஷீன் கால்வாய் வேலையில் சிறிது காலம் இருந்துவிட்டு, அப்போது யார்க் என்று பெயர் கொண்டிருந்த டொராண்டோவுக்கு வந்தார். அங்கே லெஸ்லி குடும்பத்தாரோடு சேர்ந்து மருந்தும் புத்தகமும் விற்றார். பிறகு டண்டாஸ் ஊரில் கிளைக் கடையை நடத்தினார். 1822இல் தாய் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார். அவருடன் வந்த இசபெல் பாக்ஸ்டரை அதே ஆண்டு மான்ட்ரியாலில் மெக்கன்சி மணந்துகொண்டார். கூட்டு வியாபாரம் பிரிந்ததும் குயின்ஸ்டனுக்குக் குடிபெயர்ந்து, ஆற்றங்கரையில் தனிக் கடை வைத்தார்.

கடை நன்றாகவே நடந்ததாகத் தெரிகிறது. ஆனால் கடைக்கு வரும் விவசாயிகளின் பேச்சு அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. சாலை போட ஆள் இல்லை. நல்ல நிலங்களில் ஏழில் ஒரு பங்கு ஆங்கிலிக்கன் திருச்சபைக்கென்று ஒதுக்கப்பட்டு, உழுவாரின்றிக் கிடந்தது. பதவி, வங்கி, நிலம் மூன்றும் யார்க் நகரத்துச் சில குடும்பங்களின் கையில் இருந்தன. ‘குடும்பக் கூட்டு’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் கூட்டத்தை எதிர்க்க, 1824 மே 18 அன்று ‘கலோனியல் அட்வகேட்’ என்ற பத்திரிகையை அவர் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே, குயின்ஸ்டன் குன்றின் மீது, 1812ஆம் ஆண்டுப் போரில் இங்கே மாண்ட தளபதி புரோக்கிற்கு எழுப்பிய நினைவுத் தூணின் அடிவாரத்தில் பத்திரிகையின் பிரதி ஒன்று வைத்துக் கட்டப்பட்டது. செய்தி அறிந்த துணைநிலை ஆளுநர் மெயிட்லண்ட், கட்டியதைத் திறந்து பிரதியை வெளியே எடுக்கச் செய்தார். ஒரு தாளுக்கு இவ்வளவு அஞ்சிய அரசு அது. இப்போது குன்றின் மேல் நிற்பது இரண்டாவது தூண். முதல் தூணை 1840இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அவர் குடியிருந்த கல் வீடு பாழடைந்து கிடந்து, 1930களில் மீண்டும் எழுப்பப்பட்டு, 1938இல் திறந்து வைக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போதைய கனடாப் பிரதமர் மெக்கன்சி கிங். நம் மெக்கன்சியின் மகள் வயிற்றுப் பேரன். தலைக்கு 1,000 பவுன் விலை வைக்கப்பட்டவரின் வீட்டை, நூறு ஆண்டு கழித்து, நாட்டை ஆளும் பேரன் வந்து திறந்து வைத்தார். அந்தப் பேரனின் முகம்தான் 50 டாலர் நோட்டில் இருக்கிறது என்று நண்பர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார்.

இப்போது அச்சுக் கலைக்கான காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டில், கனடாவின் மிகப் பழைய அச்சு இயந்திரங்களில் ஒன்றான லூயி ராய் மர இயந்திரம் நிற்கிறது. அருகில் நின்று பார்த்தால், திருகாணி அழுத்தத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம் என் தொடையைவிடத் தடிமனாக இருந்தது. எழுத்துப் பெட்டியின் அறைகள் ஒரே அளவில் இல்லை. அடிக்கடி வேண்டிய எழுத்துக்குப் பெரிய அறை, அரிதாக வேண்டியதற்குச் சிறிய அறை. மளிகைக் கடையில் அரிசி மூட்டை கையெட்டும் தூரத்திலும் ஜாதிக்காய் மேல்தட்டிலும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஓர் எழுத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சிறு துண்டுதான், ஆனால் ஈயத்தின் கனம் நன்றாகத் தெரிந்தது.

வெள்ளி, ஃபிரண்ட் வீதி

1824இன் இறுதியில் மெக்கன்சி பத்திரிகையோடு யார்க் நகரத்துக்கு மாறினார். அச்சகம் இருந்த பகுதி இன்றைய ஃபிரண்ட் வீதியை ஒட்டியது. அந்தக் காலத்தில் ஏரி இந்த வீதியின் ஓரம் வரை வந்திருந்தது. மண் கொட்டிக் கொட்டிக் கரையைத் தெற்கே தள்ளிவிட்டதால், இன்று இங்கே நின்றால் ஒன்ராறியோ ஏரியின் ஒரு துளியும் கண்ணில் படாது. இங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தத் தண்ணீரை மனத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

1826 ஜூன் 8, மாலை. ஆளும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும் அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சட்டம் பயின்றவர்களும் சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே அச்சகத்துக்குள் புகுந்தார்கள். இயந்திரத்தைக் கவிழ்த்தார்கள், கோத்து வைத்திருந்த பக்கங்களைக் கலைத்தார்கள், எழுத்துகளை அள்ளிக்கொண்டு போய் ஏரியில் கொட்டினார்கள். நீதி வழங்கும் பொறுப்பிலிருந்த மாஜிஸ்திரேட்டுகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் மெக்கன்சியின் தாய் இருந்தார். மெக்கன்சி ஊரில் இல்லை. கடன்காரர்களுக்குப் பயந்து ஆற்றுக்கு அப்பால், அமெரிக்கக் கரையிலுள்ள லூயிஸ்டனில் இருந்தார். சந்தாப் பணம் வசூலாகாமல் பத்திரிகை மூடும் நிலைக்கு வந்திருந்தது.

அவர் வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு 625 பவுன் இழப்பீடு வழங்கியது. ஏரியில் போன எழுத்துகளின் மதிப்பைவிட அது பல மடங்கு அதிகம். அந்தப் பணத்தில் கடனைத் தீர்த்து, புதிய எழுத்து வாங்கி, பத்திரிகையை அவர் தொடர்ந்து நடத்தினார். தானாகவே மூடியிருக்கக்கூடிய பத்திரிகைக்கு, அதை அழிக்க வந்தவர்களே மூலதனம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிகாரம் பொறுமை இழக்கும்போது தன் எதிரியை எப்படி வளர்த்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1828இல் யார்க் தொகுதி மக்கள் அவரை, இன்றைய ஒன்ராறியோவான அப்பர் கனடா மாகாணத்தின் பேரவைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் வங்கிக் கணக்கைக் கேட்டார், அஞ்சல் துறைக் கணக்கைக் கேட்டார், அதிகாரிகளின் சம்பளப் பட்டியலைக் கேட்டார். 1831 டிசம்பரில் பேரவை அவரை வெளியேற்றியது. 1832 ஜனவரி 2 அன்று நடந்த இடைத்தேர்தலில் 119 வாக்குகள் அவருக்கு, ஒன்றே ஒன்று எதிராளிக்கு. ஆதரவாளர்கள் தங்கப் பதக்கம் அணிவித்து, பனிச்சறுக்கு வண்டிகளில் ஊர்வலம் போனார்கள். பேரவை மீண்டும் வெளியேற்ற, மக்கள் மீண்டும் தேர்ந்தெடுக்க, 1834 வரை இது நடந்துகொண்டிருந்தது.

சனி, செயின்ட் லாரன்ஸ் சந்தை

இன்று எழுதப்போவது மெக்கன்சி மேயராக இருந்த காலத்தைப் பற்றி. அவருடைய வாழ்க்கையில் ஒன்பது மாதங்களே நீடித்த பகுதி இது. நூல்கள் இதை வேகமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்த ஒரே காலம் இது.

1834 மார்ச் 6 அன்று யார்க், டொராண்டோ என்ற பெயரோடு மாநகரமாயிற்று. மக்கள்தொகை ஏறத்தாழ 9,000. ஐந்து வார்டுகள்; வார்டுக்கு ஆல்டர்மேன் எனப்படும் மூத்த உறுப்பினர்கள் இருவர், கவுன்சிலர்கள் இருவர் என மொத்தம் இருபது பேர். மாத இறுதியில் நடந்த தேர்தலில் மெக்கன்சி சார்ந்த சீர்திருத்தக்காரர்கள் பெரும்பான்மை பெற்றார்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. மன்ற உறுப்பினர்கள் ஏப்ரல் 3 அன்று கூடி, செயின்ட் டேவிட் வார்டின் ஆல்டர்மேனான மெக்கன்சியை மேயராக்கினார்கள். மன்றம் கூடிய இடம் சந்தைக் கட்டடம். கிங் வீதியும் ஜார்விஸ் வீதியும் சந்திக்கும் மூலையிலிருந்த அந்தச் செங்கல் கட்டடத்தை 1849ஆம் ஆண்டுப் பெருந்தீ கொண்டுபோய்விட்டது. அதே மூலையில் 1850இல் எழுந்த செயின்ட் லாரன்ஸ் மண்டபம், மணிக்கூண்டும் தூண்களுமாக இன்று நிற்கிறது.

காலையில் சந்தைக்குள் நுழைந்தபோது சனிக்கிழமைக் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தது. ஃபிரண்ட் வீதியிலுள்ள இந்தத் தெற்குச் சந்தை பிற்காலத்தது; 1845இல் கட்டிய இரண்டாவது நகர மன்றத்தின் முகப்பை இடிக்காமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் பெரிய கூரை எழுப்பியிருக்கிறார்கள். பாலாடைக்கட்டிக் கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தால், ஒரு காலத்தில் வீதியைப் பார்த்திருந்த ஜன்னல்கள் இப்போது மீன் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நகர நிர்வாகமும் காய்கறி வியாபாரமும் ஒரே சுவருக்குள் இருந்த ஊர் இது என்பதைப் பலகை வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மெக்கன்சியின் கைக்கு வந்த நகரத்தில் வீதி என்றால் சேறு. பழைய நிர்வாகம் விட்டுப்போன கடன் ஏறத்தாழ 9,000 பவுன். அதில் பெரும்பகுதி சந்தைக் கட்டடத்துக்காக வாங்கியது. நடைபாதை போட வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும், வட்டியும் கட்ட வேண்டும். கடை நடத்தியவருக்கு இதில் மந்திரம் ஒன்றுமில்லை என்று தெரியும். வரவைக் கூட்டினால்தான் செலவு செய்ய முடியும். வரி விகிதத்தை மன்றம் உயர்த்தியது. கிங் வீதியில் மரப்பலகை நடைபாதைகள் போடப்பட்டன. நகரத்துக்கு ஒரு சின்னத்தையும் மெக்கன்சியே வரைந்து கொடுத்து, உழைப்பு, அறிவு, நேர்மை என்னும் மூன்றையும் அதன் குறிக்கோளாக எழுதினார். அந்தக் குறிக்கோள் 1998 வரை, நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, நகரத்தோடு இருந்தது.

வரி உயர்வை யாரும் விரும்பவில்லை. வரிகளைப் பற்றிப் பேச ஜூலை இறுதியில் இதே சந்தையில் பொதுக்கூட்டம் கூடியது. ஆட்கள் நிறைந்து நின்ற மாடத்தின் ஒரு பகுதி முறிந்து விழுந்தது. கீழே இருந்தவை கசாப்புக் கடைகள். விழுந்தவர்களில் சிலர் இறைச்சி தொங்கவிடும் கொக்கிகளில் சிக்கி உயிர் விட்டார்கள். இன்று இறைச்சிக் கடைகளைக் கடந்துபோகும்போது அந்தக் கூட்டத்தை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதே கோடையில் காலரா வந்தது. 1832இல் ஒருமுறை நகரத்தைச் சூறையாடிய நோய், புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஏழைகளோடு மீண்டும் வந்து, நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். மெக்கன்சி வெளியேறவில்லை; நோயாளிகளைத் தாமே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், அதனால் அவருக்கும் நோய் தொற்றியது, பிழைத்துக்கொண்டார். அவருடைய எதிரிகளும் மறுக்காத செய்தி இது. அவரைப் பற்றி எனக்குள்ள மதிப்பில் பாதிக்கு மேல் இதிலிருந்து வந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் முழுக் கணக்கும் பார்க்க வேண்டும். மேயர் அக்காலத்தில் நகர நீதிபதியும் ஆவார். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாக அவர் முன் நிறுத்தப்பட்ட ஒரு பெண், மேயரை வாயில் வந்தபடி ஏசி, காலிலிருந்ததைக் கழற்றியும் வீசினார். மெக்கன்சி அவரை, கால்களைப் பூட்டிவைக்கும் மரச்சட்டமான தொழுமரத்தில் மாட்டி வைக்க உத்தரவிட்டார். அது ஏற்கெனவே வழக்கொழிந்துகொண்டிருந்த தண்டனை. அரசின் கொடுமையைப் பத்தாண்டுகளாகப் பக்கம் பக்கமாக எழுதியவர், சின்ன அவமதிப்பு ஒன்றைத் தாங்க மாட்டாமல் இப்படிச் செய்தார் என்பதை அவருடைய அன்பர்கள் பலர் மென்று விழுங்குகிறார்கள். மென்று விழுங்க இதில் ஒன்றுமில்லை. அவர் எல்லாரோடும் சண்டை போட்டார். தம் கட்சிக்காரர்களையும் பதவி நியமனத்தில் பகைத்துக்கொண்டார். மன்றத்தின் நேரத்தில் பெரும்பகுதி வாக்குவாதத்தில் போனது. 1835 ஜனவரித் தேர்தலில் சீர்திருத்தக்காரர்கள் தோற்றார்கள். மேயர் பதவி ராபர்ட் பால்ட்வின் சல்லிவனுக்குப் போனது.

நல்ல மேயரா என்று நண்பர் கேட்டார். நல்ல முதல் மேயர் என்று நான் சொன்னேன். செய்ய வேண்டியவற்றின் பட்டியலை அவர் சரியாக எழுதினார்: நடைபாதை, வடிகால், சுகாதாரம், அதற்கான வரி. பின்னால் வந்தவர்கள் அதே பட்டியலிலிருந்துதான் வேலை செய்தார்கள்.

ஞாயிறு, யங் வீதி

யங் வீதி நெடுஞ்சாலையில் எக்லிண்டன் நிலையத்தில் இறங்கிச் சற்றே வடக்கே நடந்தால், 1936இல் கட்டிய கல் முகப்புடைய பழைய அஞ்சல் நிலையம் ஒன்று, உயர்ந்த குடியிருப்புக் கோபுரத்தின் அடியில் இருக்கிறது. ஓராண்டுகூட ஆளாமல் முடி துறந்த எட்டாம் எட்வர்டின் சின்னம் அதன் மேல் செதுக்கப்பட்டிருப்பதால், கட்டடக் கலை ஆர்வலர்கள் தேடி வருகிறார்கள். நான் தேடி வந்தது அதன் அடியிலுள்ள மண்ணை. 1837இல் கலகக்காரர்கள் திரண்ட மான்ட்கோமரி விடுதி நின்ற இடம் இது.

மேயர் பதவி போன பிறகு மெக்கன்சி பேரவையில் தீவிரமாக இயங்கினார். 1835இல் வெல்லண்ட் கால்வாய் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராகப் பேரவை அவரை நியமித்தது. அவர் அதன் பேரேடுகளைப் பிரித்து வரி வரியாகப் பார்த்து, கண்ட குளறுபடிகளை அச்சிட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்தார். மக்களின் குறைகளைத் தொகுத்துப் பேரவைக் குழு வெளியிட்ட ஏழாம் அறிக்கையும் அந்த ஆண்டுடையது. 1836 தேர்தலில், புதிய ஆளுநர் பாண்ட் ஹெட் நேரடியாகப் பிரசாரத்தில் இறங்க, மெக்கன்சி தோற்றார். கணக்குக் கேட்கும் வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான்.

1837 டிசம்பர் 4 முதல் 7 வரை நடந்தவை துயரமானவை. எழுச்சிக்கு 7ஆம் தேதி குறித்திருந்தார்கள். நகரத்திலிருந்து வந்த எச்சரிக்கையால் தேதி முன்னுக்கு வந்து, சிலருக்குத் தெரிந்தும் பலருக்குத் தெரியாமலும் குழம்பியது. சேற்றில் பல மைல் நடந்து வந்தவர்களுக்கு விடுதியில் சாப்பாடு தயாராக இல்லை. விடுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரோ கையில் காசு வைத்தால்தான் உணவு என்றார். சரக்கு இல்லாமல் கடை திறக்க முடியாது என்று சிறு வயதிலிருந்து அறிந்தவர், உணவும் துப்பாக்கியும் இல்லாமல் ஒரு கலகத்தைத் திறந்தார்.

5ஆம் தேதி மாலை அவர்கள் இந்த வீதி வழியே தெற்கே இறங்கினார்கள். இருட்டில், ஷெரீப் ஜார்விஸின் ஆட்கள் சிலர் மறைந்திருந்து சுட்டுவிட்டு ஓடிப்போனார்கள். கலகக்காரர்களின் முதல் வரிசை திருப்பிச் சுட்டு, பின்னாலிருப்பவர்கள் சுட வசதியாகத் தரையில் படுத்தது. பின்வரிசையினர், முன்னால் இருந்தவர்கள் செத்து விழுந்துவிட்டார்கள் என்று எண்ணி ஓட்டமெடுத்தார்கள். நகரத்தைப் பிடிக்கக் கிடைத்த வாய்ப்பு அத்தோடு முடிந்தது. அதே நாளில் மெக்கன்சி, அப்பர் கனடா வங்கியின் அதிகாரி ஒருவருடைய வீட்டைக் கொளுத்தச் செய்தார். இன்னொரு வீட்டையும் கொளுத்தப் போனவரை உடனிருந்த சாமுவேல் லவுண்ட் தடுத்தார். பத்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மனக்கணக்கை அந்த ஒரே நாளில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 7ஆம் தேதி அரசுத் தரப்பில் ஃபிட்ஸ்கிப்பன் தலைமையில் ஆயிரம் பேர் பீரங்கியோடு வந்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. விடுதி எரிந்தது. மெக்கன்சி தப்பினார்.

நண்பரின் மகளும் இன்று எங்களோடு வந்திருந்தாள். ஒன்ராறியோப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு வரலாற்றில் இந்தக் காலம் வருகிறது. “மாமா, எங்கட வகுப்பில மெக்கன்சி செய்தது சரியா பிழையா எண்டு டிபேட் வைச்சவை. நான் பிழை எண்டு பேசினனான்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “அவர் தப்பிட்டார், மற்ற ஆக்களைத் தூக்கில போட்டிட்டினம்” என்றாள். நான் பல நூல்களைப் புரட்டி வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் ஒரு பாடவேளையில் வந்துவிட்டிருந்தாள்.

திங்கள், பிக்கரிங்

பகல் முழுவதும் மழை பெய்ததால் வெளியே போகவில்லை.

வியாழனன்று திரும்பும் வழியில், அருவிக்கு மேலே, ஆற்றின் நடுவில் மரமடர்ந்த தீவு ஒன்றைக் கண்டோம். அது நேவி தீவு. தப்பிப்போன மெக்கன்சி 1837 டிசம்பரில் அங்கே கனடாக் குடியரசை அறிவித்தார். தீவுக்குப் பொருள் கொண்டுவந்த ‘கரோலின்’ என்ற நீராவிப் படகை, டிசம்பர் 29 அன்று, பிரிட்டிஷ் தரப்பினர் அமெரிக்கக் கரைக்கே போய்க் கொளுத்தி ஆற்றில் விட்டார்கள். தற்காப்புக்காக ஒரு நாடு எப்போது முந்திக்கொண்டு தாக்கலாம் என்ற சர்வதேசச் சட்ட விவாதத்தில் இன்றும் எடுத்தாளப்படும் நிகழ்ச்சி அது. அந்தக் குளிரில் இசபெலும் தீவுக்கு வந்து, பீரங்கி மருந்துக்குத் துணிப் பைகள் தைத்துக் கொடுத்தார். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைப் பறிகொடுத்து, கடன்காரர்களுக்கும் சோதனை போட வந்தவர்களுக்கும் வாசலில் நின்று பதில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு, நான் பார்த்த பலகைகளில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அமெரிக்கா அவரைக் கொண்டாடவில்லை. நடுநிலைச் சட்டத்தை மீறியதற்காக 1839இல் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்று, ராச்செஸ்டர் சிறையில் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். அப்போது தாய் இறந்துபோனார். ஆலித்தில் மகனோடு கடையில் நின்ற தாய். எழுத்துகள் ஏரிக்குப் போன அன்று வீட்டிலிருந்த தாய். இறுதி ஊர்வலத்துக்குப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு நியூயார்க்கில் சுங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, அங்கே கிடந்த பழைய கடிதங்களில் அரசியல்வாதிகளின் பேரங்களைக் கண்டு அவற்றையும் நகலெடுத்து 1845இல் வெளியிட்டார். புகலிடம் கொடுத்த நாட்டிலும் பேரேட்டைப் பிரிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

புதன், பாண்ட் வீதியும் நெக்ரோபொலிஸும்

1849இல் பொதுமன்னிப்பு வந்தது. 1850இல் அவர் குடும்பத்தோடு டொராண்டோ திரும்பினார். அடுத்த ஆண்டே ஹால்டிமண்ட் தொகுதி இடைத்தேர்தலில், செல்வாக்கு மிக்க பத்திரிகையாளர் ஜார்ஜ் பிரவுனைத் தோற்கடித்து மீண்டும் பேரவைக்குப் போனார். 1858இல் பதவியை விட்டார். கையில் சேமிப்பு எதுவும் இல்லை. நண்பர்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டி, பாண்ட் வீதி 82ஆம் எண் வீட்டை அவருக்கு வாங்கித் தந்தார்கள். முன்னின்று திரட்டியவர் ஜேம்ஸ் லெஸ்லி; முதல் கடைக்கு மூலதனம் கொடுத்த அதே குடும்பம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றாக இருந்தது, பக்கத்து வீடுகள் இடிக்கப்பட்டதால் இன்று தனித்து நிற்கிறது. குறுகிய முகப்பு, மூன்று மாடி, அடித்தளத்தில் சமையலறை. பின்புறம் ஓர் அச்சகத்தை அமைத்திருக்கிறார்கள்; அங்கே பணிபுரியும் பெண் உருளையில் மை தடவி, கைப்பிடியை இழுத்து, ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தார். மை உலரும்வரை தொடக் கூடாது என்றார். வீட்டின் அறைகளில் ஆடம்பரம் எதுவும் இல்லை. 1861 ஆகஸ்ட் 28 அன்று இந்த வீட்டில்தான் அவர் இறந்தார்.

மாலையில் டான் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள நெக்ரோபொலிஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மெக்கன்சி குடும்பத்தின் கல்லறைமீது உயரமான கெல்டிக் சிலுவை நிற்கிறது. அவரிடம் தோற்ற ஜார்ஜ் பிரவுனும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார். நான் அதிக நேரம் நின்றது வேறோர் இடத்தில். சாமுவேல் லவுண்ட் ஹாலண்ட் லேண்டிங் ஊரைச் சேர்ந்த கொல்லர், பேரவையின் முன்னாள் உறுப்பினர். பீட்டர் மத்தியூஸ் பிக்கரிங்கைச் சேர்ந்த விவசாயி. மன்னிப்பு வேண்டி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டும் பயனின்றி, 1838 ஏப்ரல் 12 அன்று இருவரும் டொராண்டோச் சிறைமுற்றத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊருக்கு வெளியிலிருந்த அநாதைகளின் இடுகாட்டில் கிடந்த அவர்களுடைய உடல்களை, 1859இல் மெக்கன்சியும் நண்பர்களும் எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். மேலே நிற்கும் தூணை வேண்டுமென்றே பாதியில் முறிந்ததாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

ரத்தம் சிந்தாமல் வெற்றி கிடைக்கும் என்று சொல்லித்தான் மெக்கன்சி அவர்களை அழைத்தார். அவர் கேட்ட பொறுப்பாட்சி, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த பேரவைக்குப் பதில் சொல்லும் ஆட்சி, அவர் நாடு கடந்து வாழ்ந்தபோதே, 1840களின் இறுதியில், வாக்குப் பெட்டி வழியாகவே வந்து சேர்ந்தது. அவர் எழுதாமல் இருந்திருந்தால் அது அவ்வளவு விரைவில் வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். ஆனால் டிசம்பர் 4 அன்று விடுதியில் ஆள் திரட்டாமல் இருந்திருந்தாலும் அது வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இந்த இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரை மதிக்கிறேன்.

நண்பர் தூணின் அருகே குனிந்து பெயர்களைப் படித்தார். “நான் பிக்கரிங்குக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாச்சு அண்ணை. இந்த மத்தியூஸ் ஆரெண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல” என்றார். மத்தியூஸ் ஏறத்தாழ அறுபது பேரைத் திரட்டிக்கொண்டு இவருடைய ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்றும், 7ஆம் தேதி காலையில் டான் ஆற்றுப் பாலத்துக்குத் தீ வைத்த குழு அவருடையதுதான் என்றும் சொன்னேன். அந்தப் பாலம் எங்கே என்று கேட்டார். நாங்கள் வந்த வழிக்குத் தெற்கே, கிங் வீதியின் கிழக்கு முனையில். திரும்பும்போது அந்த வழியாகவே காரை விட்டார்.